இட்லிக் கொப்பரைக்கு ஒண்ணேகால் லட்சம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் சங்கக் கூட்டம். வழக்கமாக தண்ணீர் டேங்கர், பார்க்கிங் தகராறு, தெருநாய்க்கு சோறு போடலாமா கூடாதா என்று போகும் கூட்டம், இந்தத் தடவை ஒரே ஒரு விஷயத்துக்காக நடந்தது. மேற்கு பார்த்த வீடுகள் அத்தனைக்கும் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி 'சன் ரூம்' ஆக்கப் போகிறார்களாம். மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் தள்ளுபடி, கட்டடமும் ஒரே மாதிரி பளபளவென்று இருக்கும் என்று செக்ரட்டரி சாப் வழவழ காகிதத்தில் படம் காட்டினார். படத்தில் ஒரு பிரம்பு நாற்காலி, பக்கத்தில் ஒரு தொட்டிச் செடி, கையில் காபிக் கோப்பையோடு ஒரு வெள்ளைக்கார அம்மணி. கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது.

வெளியே பனி! அதை ஒருத்தர் கூட கவனிக்கவில்லை. நாங்கள் இருப்பது டெல்லி, துவாரகா.

எதிர்த்துக் கை தூக்கியது அடியேன் ஒருவன் தான். "மத்ராசி பாபுவுக்கு பைசா செலவு பண்ண மனசு வராது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். பைசா செலவு பண்ண மனசு வராதாம். அட பாவிகளா, இந்த வரிசையில் முதன்முதலில் பால்கனியை மூடினவனே நான்தானே! மூடுவதற்கு ஒண்ணேகால் லட்சம் செலவு பண்ணி, பிறகு அதைப் பிரிப்பதற்கு இன்னொரு பதினெட்டாயிரம் செலவு பண்ணினவன்.

அடுத்த மாதம் ஓட்டெடுப்பு. அன்றைக்கு இந்தியில் பேச வேண்டும். கோபம் வந்தால் எனக்கு இந்தி வராது. அதனால் முதலில் தமிழில் கொட்டித் தீர்த்து விடுகிறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2023 டிசம்பர். டெல்லி குளிர் எலும்புக்குள் இறங்கும் நேரம். ஹீட்டருக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறோம், வாசலில் மணி அடிக்கிறது. கையில் கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய பெட்டியோடு ஒரு காண்டிராக்டர். இங்கே ஒன்றை குறித்து வைத்துக் கொள்ளுங்கள் மக்களே: வெயில் அறை விற்கிறவன் டிசம்பரில் தான் வருவான். மே மாதம் மத்தியானம் மூணு மணிக்கு யாராவது வந்து "உங்கள் வீட்டுக்குள் இன்னும் கொஞ்சம் வெயிலைக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டால் செருப்பு பறக்கும்.

எங்கள் பால்கனி பத்தடி நீளம், அஞ்சடி அகலம். ஐம்பது சதுர அடி "வீணாகக் கிடக்கிறது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. துணி காயப்போட ஒரு கொடி, நாலு தொட்டி, உடைந்த சைக்கிள் ஒன்று. தங்கமணி மட்டும், "அப்போ துணி எங்கே காயப்போடறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வாயை மூடிட்டு காண்டிராக்டர் படம் போடறதைப் பாரு என்று சொல்லி விட்டேன். (இன்றைக்கு வரைக்கும் வாங்கிக் கட்டிக் கொண்டிருக்கிறேன்.)

கம்பிக் கிராதியை எடுத்து விட்டு தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கீழே மரம் மாதிரி டைல்ஸ், மேலே பொய்க்கூரை, அதில் குட்டிக் குட்டி விளக்குகள். ஜனவரி முழுக்க சொர்க்கம் தான், பொய் சொல்லக் கூடாது. மத்தியானம் வேர்க்கடலை, கஜக், கையில் புத்தகம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சுகள் தான் இப்போது தீர்மானமாக வந்து நிற்கின்றன.

மார்ச் கடைசியில் நாற்காலியின் பிளாஸ்டிக் கைப்பிடி கையைச் சுட்டது. ஏப்ரலில் நாலு தொட்டியும் கருகிப் போயின. மே மாதம் அந்த அறைக்கான கதவையே அடைத்து வைத்தோம். அடைத்து வைத்தும் பின்னால் இருந்த படுக்கை அறைச் சுவர் ராத்திரி பத்து மணிக்குக் கை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது.

அந்தப் படுக்கை அறையில் தான் அம்மா தங்கினார்கள். அப்பா போன பிறகு முதல் தடவையாக அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பி, திருக்குறள் எக்ஸ்பிரசில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வந்தவர்கள். வந்த அன்றே கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்து விட்டு, "ஏய்யா, காத்தோட்டமா ஒரு திண்ணை இருக்குன்னு சொன்னியே, இதென்னய்யா இட்லிக் கொப்பரை மாதிரி இருக்கு?" என்றார்கள். சிரித்தேன். அம்மாவுக்கு டெல்லி நாகரிகம் தெரியவில்லை என்று நினைத்தேன்.

2024 கோடை எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே 29-ம் தேதி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி. அது கூடப் பரவாயில்லை, ராத்திரியாவது குளிருமே என்று பார்த்தால், ஜூன் 19-ம் தேதி அதே சப்தர்ஜங்கில் குறைந்தபட்ச வெப்பமே 35.2 டிகிரி. அதாவது அந்த ராத்திரியில் எப்போது பார்த்தாலும் அதற்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த வாரத்தில் ஒரு ராத்திரி எங்கள் பிளாக் டிரான்ஸ்பார்மர் போய் விட்டது. ஏசி இல்லை, மின்விசிறி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பாயைத் தூக்கிக் கொண்டு பால்கனிக்கு வந்தார்கள். எங்களுக்குப் பால்கனி இல்லை. ஒண்ணேகால் லட்சம் கொடுத்து அதை இல்லாமல் ஆக்கி இருந்தோம். கண்ணாடியைத் தள்ளினால் பாதி தான் திறக்கும், மீதி பாதி எப்போதும் மூடித்தான் இருக்கும். அறைக்குள் காற்று அசையவே இல்லை.

காலை நாலு மணிக்கு அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர்கள் அப்படியே சுவரைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்து விட்டார்கள். வாந்தி, தலைசுற்றல், பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப் ஏறியது. உப்புச் சத்து குறைந்து போச்சு, இந்த வயசில் சூட்டைத் தாங்க மாட்டார்கள், இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அம்மா பிழைத்து ஊருக்குப் போய் விட்டார்கள். ஆனால் "இனிமே டெல்லி வேண்டாம்யா, நீங்க வந்து என்னைப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லி விட்டுப் போனார்கள். என் சன் ரூம் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அதைத்தான்.

சரி, அழுகை போதும், கணக்குக்கு வருவோம். நம்ம ஆட்களுக்குக் கணக்கு சொன்னால் தான் புரியும்.

மேற்குச் சுவரில் கோடைக்கால மாலை வெயில் விழும்போது ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் என்று குறைத்தே வைத்துக் கொள்வோம். பத்தடிக்கு எட்டடி கண்ணாடி என்றால் சுமார் 7.4 சதுர மீட்டர். மொத்தம் 3,700 வாட். சாதாரணக் கண்ணாடி அதில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை உள்ளே விட்டு விடும். ஆக 3,000 வாட் வெப்பம். வீட்டுக்குள் மூணு ஹீட்டரை முழு வேகத்தில் எரிய விட்ட கணக்கு. ஒரு டன் ஏசி அறையிலிருந்து வெளியே தள்ளும் வெப்பமே சுமார் 3,500 வாட் தான். அதாவது நீங்கள் சன் ரூம் கட்டினால், அந்த சன் ரூமை ஈடுகட்டுவதற்கு மட்டும் ஒரு டன் ஏசி முழு மூச்சாக ஓட வேண்டும். உங்களுக்குக் குளிர்ச்சி வேண்டுமென்றால் அதற்குத் தனியாக இன்னொன்று.

உள்ளே வந்த வெப்பம் ஏன் வெளியே போக மாட்டேன் என்கிறது? வெயில் ஒளியாக வரும்போது கண்ணாடி வழி விடுகிறது. அது தரையிலும் சுவரிலும் பட்டு, அவை சூடாகி, அந்தச் சூட்டைத் திருப்பி வீசும்போது அதே கண்ணாடி வழி விடாது. சூடான காற்றும் மேலே ஏறிப் போக இடம் இல்லாமல் உள்ளேயே சுற்றும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்களா? அதே சங்கதி தான், இங்கே காருக்கு பதில் வீடு.

திறந்த பால்கனி என்ன செய்து கொண்டிருந்தது என்று மூடின பிறகு தான் எனக்குத் தெரிந்தது. அஞ்சடி அகலப் பால்கனிக்கு மேலே மாடிக்காரரின் பால்கனித் தளம் குடை மாதிரி நிற்கிறது. ஜூன் மாதத்தில் மத்தியானம் மூணு மணி வரைக்கும் வெயில் பால்கனித் தரையோடு நின்று விடும், படுக்கை அறைச் சுவரில் ஏறாது. தரை சுடும், சுட்ட சூடு காற்றோடு போய்விடும். அதாவது அந்த ஐம்பது சதுர அடி வெயிலை வாங்கிக் கொண்டு பின்னால் இருக்கும் அறையைக் காப்பாற்றிக் கொண்டிருந்தது. அது வீணாகக் கிடந்த இடமே இல்லை. வீட்டிலேயே ஓவர்டைம் வாங்காமல் உழைத்த ஒரே இடம் அது தான். அதைக் கண்ணாடி போட்டு அடைத்ததும், வெளியே நின்று கொண்டிருந்த சூட்டை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி ஆயிற்று. ஒரு அறை கிடைக்கும் என்று நினைத்தேன். புது அறையும் உதவாமல், பழைய அறையும் கெட்டு, இரண்டும் போயின.

இந்தக் கண்ணாடி அறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும். இங்கிலாந்தில் கண்ணாடிக்கு வரி இருந்தது. 1845-ல் அதை எடுத்தார்கள். விலை குறைந்தது. லண்டன் க்யூ தோட்டத்தில் 1840-களில் பெரிய கண்ணாடி மாளிகை எழுப்பினார்கள், எதற்கு? வெப்ப நாட்டுப் பனை வகை மரங்களை அந்தக் குளிரில் சாகாமல் காப்பாற்ற. பிறகு 1851-ல் கிரிஸ்டல் பேலஸ். அங்கிருந்து வீட்டுக்கு வீடு கண்ணாடி அறை. வெயிலுக்கு ஏங்கும் ஊர்க்காரன் கண்டுபிடித்த வெயில் பொறி அது. அவனைக் குற்றம் சொல்லவே மாட்டேன், அவன் ஊருக்கு அது சரி.

அதே வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு வந்தபோது கண்ணாடி அறையா கட்டினான்? இங்கே இருந்த வராண்டாவைப் பார்த்துப் பிடித்துக் கொண்டான். வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் வராண்டா வைத்த பங்களாக்களைக் கட்டினான். அந்தச் சொல்லையும் இங்கிருந்து தான் தன் மொழிக்குத் தூக்கிக் கொண்டு போனான். ஜெய்ப்பூரில் 1799-ல் கட்டிய ஹவா மகாலைப் பாருங்கள், பேரே காற்று மாளிகை. எத்தனை நூறு சின்னச் சின்ன ஜன்னல்கள், கல்லில் செதுக்கிய ஜாலிகள், காற்று உள்ளே வரும், வெயில் வெளியே நிற்கும். சண்டிகரில் கட்ட வந்த கார்பூசியே கூட 1950-களில் கண்ணாடிக்கு முன்னால் ஆழமான கான்கிரீட் வெயில் தடுப்புகளை வைத்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த மனுஷனுக்குத் தெரிந்தது, துவாரகாவில் பிறந்து வளர்ந்த செக்ரட்டரி சாப்புக்குத் தெரியவில்லை.

இனி விற்பனைப் பேச்சுக்கு வருவோம். எனக்குச் சொன்னது தான், போன ஞாயிறும் அப்படியே சொன்னார்கள்.

"இரட்டைக் கண்ணாடி சார், சூடே வராது." இரண்டு கண்ணாடிக்கு நடுவில் காற்று அடைத்து வைப்பது வெளிக்காற்றின் சூடு கடந்து வராமல் தடுக்கும், உண்மை தான். ஆனால் நேர் வெயிலை அது பெரிதாகத் தடுக்காது. இரண்டும் தெளிந்த கண்ணாடி என்றால் வெயிலில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவாக உள்ளே வந்தே தீரும். பூச்சுப் போட்ட கண்ணாடி பாதிக்கும் மேல் தடுக்கும், ஆனால் அதற்கு விலையே வேறு. கறுப்பு வகையை எடுத்தால் அறை இருட்டி விடும். வெளிச்சத்துக்காகக் கட்டின அறையில் பகலில் விளக்கு எரிப்பீர்கள்.

"உள்ளே திரை போட்டுக்கலாம் சார்." வெயில் கண்ணாடியைத் தாண்டி விட்டதென்றால் கதை முடிந்தது. திரை சூடாகும், அந்தச் சூடு வீட்டுக்குள் தானே இருக்கும்? தடுப்பதென்றால் கண்ணாடிக்கு வெளியே தடுக்க வேண்டும். திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு வாசலைப் பூட்டி என்ன பிரயோஜனம்?

"ஏசி போட்டுக்கலாம் சார்." மேலே கணக்குப் போட்டாச்சு. இதில் இன்னொரு கூத்து உண்டு. எங்கள் படுக்கை அறை ஏசியின் வெளி யூனிட் பால்கனியில் தான் இருந்தது. "உள்ளேயே இருக்கட்டும், அழகா ஒரு பெட்டி போட்டு மறைச்சுடறேன்" என்றார் காண்டிராக்டர். வெளியே போக வேண்டிய அனல் முழுக்க சன் ரூமுக்குள் சுற்றிச் சுற்றி வந்து, ஏசி அரை மணிக்கு ஒரு தரம் தானே அணைந்து போனது. பிறகு கயிறு கட்டி ஆள் தொங்கி அதை வெளிச்சுவருக்கு மாற்ற தனிச் செலவு. எங்கள் வரிசையில் பத்து வீட்டிலாவது வெளி யூனிட் பால்கனியில் தான் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வரி கூட இல்லை.

கீழ்த்தளத்தில் ஆங்கன் வைத்திருப்பவர்கள் இன்னும் பாவம். அந்த முற்றத்துக்கு மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு, சுற்றிக் கண்ணாடி வைத்து அறையாக்கலாம் என்கிறார்கள். டெல்லியில் ஜூன் மாத உச்சி வெயில் 85 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். படுத்துக் கிடக்கும் கூரையில் சதுர மீட்டருக்கு 900 வாட் அளவுக்கு விழும். சுவர்க் கண்ணாடியையே தாங்க முடியாத வீடு கூரைக் கண்ணாடியைத் தாங்குமா?

எதிர்த்தரப்பு வாதங்களிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நான் அயோக்கியன். ஒவ்வொன்றாகப் பார்த்து விடுவோம்.

புறா. ஒத்துக் கொள்கிறேன், டெல்லிப் புறா ஒரு தண்டனை. அதற்கு வலை போதும். சில ஆயிரத்தில் முடியும் வேலை, காற்றும் வரும்.

தூசி. மே, ஜூனில் ஆந்தி அடித்தால் வாயெல்லாம் மண் தான். ஆனால் ஆந்தி வருஷத்தில் சில நாள், சில மணி நேரம். அந்த நேரத்துக்குப் படுக்கை அறைக் கதவை மூடினால் போதும். அந்தக் கதவு ஏற்கெனவே அங்கே தான் இருக்கிறது.

புகை. இது தான் பெரிய வாதம். நவம்பரில் இந்த ஊர்க் காற்றை சுவாசிக்கிற யாருக்கும் இதை லேசாகச் சொல்ல மனசு வராது. எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இன்ஹேலரோடு இருக்கிறான். ஆனால் பி.எம். 2.5 என்பது மயிரிழையை விடப் பல மடங்கு நுண்ணிய தூசி. தள்ளு கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் பிரஷ் அதைத் தடுக்காது. வடிகட்டி இயந்திரம் தான் குறைக்கும், அதுவும் சின்ன மூடிய அறையில் வைத்தால். அதற்கும் படுக்கை அறைக் கதவே போதும். சரி, இடுக்கே இல்லாமல் அடைத்தால்? நாலு பேர் விடும் மூச்சு உள்ளேயே தங்கி, காலையில் எழும்போது தலை கனக்கும். சமையலறை ஜன்னல் பால்கனிப் பக்கம் திறக்கும் வீடுகளில் தாளிப்புப் புகையும் அந்த சன் ரூமில் தான் குடியிருக்கும். இரண்டாம் மாடி வீட்டில் போய்ப் பாருங்கள், பிரம்பு நாற்காலியில் பெருங்காயம் மணக்கும்.

கூடுதல் இடம், வீட்டு மதிப்பு. இதைக் கேட்டால் தான் எனக்குப் பத்திக் கொண்டு வரும். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று வரையறுத்திருக்கிறது. உங்களுக்கு மட்டுமே உரிய பால்கனி, வராண்டா, திறந்த மொட்டை மாடி எதுவும் அதில் சேராது. கண்ணாடி மாட்டினதால் பத்திரத்தில் உங்கள் வீடு வளரப் போவதில்லை. பல ஊர் விதிகளில் பால்கனிக்குத் தளப்பரப்புக் கணக்கில் சலுகை கொடுத்ததே அது திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் தான். மும்பையில் அந்த நம்பிக்கையை எப்படித் தின்றார்கள் என்று ஊருக்கே தெரியும். பால்கனி, பூத்தொட்டி வைக்கும் இடம் எல்லாவற்றையும் கணக்கில் காட்டாமல் கட்டி, அறையோடு சேர்த்து விற்றார்கள். 2012-ல் விதியைத் திருத்தி, அதையெல்லாம் தளப்பரப்புக் கணக்கிலேயே சேர்த்து விட்டார்கள். அதற்குப் பிறகு எழும்பின எத்தனையோ மும்பை அடுக்ககங்களில் பால்கனி என்ற ஒன்றே கிடையாது. ஜன்னலோரம் நின்று மழை பார்க்கிறான் மனுஷன். மூடி மூடிப் பழகினால் கடைசியில் கட்டுவதையே நிறுத்தி விடுவார்கள்.

டெல்லி வளர்ச்சிக் குழும வீடுகளில் வராண்டாவுக்குக் கிரில், கண்ணாடி போட விதியே இடம் கொடுக்கிறது என்று செக்ரட்டரி சாப் அடித்துச் சொன்னார். இருக்கட்டும். போடலாம் என்பது வேறு, போட்டே ஆக வேண்டும் என்று முப்பது வீட்டுக்காரன் தலையில் கட்டுவது வேறு. 2018-ல் வீடுகளுக்கென்று வந்த எரிசக்திக் கட்டட விதித் தொகுப்பு, ஈகோ நிவாஸ் சம்ஹிதா, அதையும் படித்துப் பாருங்கள். டெல்லி மாதிரி ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு தரைப் பரப்பில் 12.5 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் படுக்கை அறை ஜன்னல் இன்னொரு மூடிய அறைக்குள் திறந்தால் அதற்குப் பேர் ஜன்னலா?

இன்னும் ஒன்று, பாரம். கண்ணாடி மில்லிமீட்டருக்கு, சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. 8 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் என் பால்கனி அளவுக்கு 150 கிலோ. அது கூடத் தேவலை. சிலர் கிராதிக்கு பதில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி அதன் மேல் கண்ணாடி வைக்கப் போகிறார்களாம். பத்தடி நீளம், மூணடி உயரச் சுவர், பூச்சோடு சேர்த்து 700 கிலோ வரும். பத்துப் பேர் ராப்பகலாகப் பால்கனி விளிம்பிலேயே நிற்கிற மாதிரி. தாங்க தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிக் கொண்டிருக்கும் தளம், வருஷத்தில் இரண்டு தடவையாவது நிலம் ஆடும் ஊர். என்ஜினியர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன். "காண்டிராக்டர் கியாரண்டி கொடுக்கிறார்" என்று பதில். எதற்கு கியாரண்டி? கண்ணாடி மங்காது என்பதற்கு.

தீ பிடித்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். வாசல் பக்கம் புகை சூழ்ந்து விட்டால் மூச்சு விட ஒரு இடம், கீழே இருப்பவர்கள் கண்ணில் படுவதற்கு ஒரு இடம், ஏணி வைப்பதற்கு ஒரு இடம், அது பால்கனி தான். அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. டீ வந்து விட்டது.

அப்போ சன் ரூமே பாவமா? இல்லவே இல்லை. லே பக்கம் போய்ப் பாருங்கள். மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து பதினஞ்சு டிகிரி சாதாரணம், ஆனால் பகலில் பளீரென்ற வெயில். அங்கே தெற்குச் சுவரை ஒட்டிக் கண்ணாடியோ பாலித்தீனோ போட்டு வெயிலைப் பிடித்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். பே கிராமத்தில் இருக்கும் செக்மால் பள்ளி வளாகம் இதற்குப் பேர் போனது. கவனியுங்கள், தெற்குப் பக்கம், மேற்கு இல்லை. குளிர்கால வெயில் சாய்ந்து வருவதால் தெற்குச் சுவர் அதை நிறைய வாங்கும், கோடையில் உச்சிக்குப் போய் விடுவதால் தானே விலகி விடும். அப்படியும் கோடை வந்தால் பாலித்தீனைச் சுருட்டி விடுகிறார்கள். லேயிலேயே கோடையில் சுருட்டுகிறான். நாம் துவாரகாவில் சிலிகான் வைத்து நிரந்தரமாக ஒட்டப் போகிறோம்!

டெல்லிக்காரனுக்கு வெயில் காய்வது எப்படி என்று யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதும் இல்லை. ஜனவரியில் பூங்காவில், மொட்டை மாடியில், கயிற்றுக் கட்டிலைப் போட்டு முதுகைக் காட்டிக் கொண்டு ஆரஞ்சு உரிக்கிற தாத்தா பாட்டிகளைப் பாருங்கள். கண்ணாடி கேட்டார்களா? கோடைக்கும் இங்கே வழி இருந்தது. மூங்கில் சிக் தட்டி, தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி. அந்தச் செடிக்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கும் பேரே நம்ம தமிழ் வெட்டிவேர் தான். வாசனை போனஸ்.

நான் இப்போது என்ன வைத்திருக்கிறேன்? கண்ணாடியைப் பிரித்து கபாடிவாலாவிடம் வந்த விலைக்குப் போட்டேன். கிராதி மறுபடி மாட்டியாச்சு. மேலே புறா வலை. வெளி விளிம்பில், மேலிருந்து கீழே இறங்கும் மூங்கில் சிக், இரண்டு மணிக்கு இறக்கினால் ஏழு மணிக்குச் சுருட்டுவேன். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதம் மட்டும் கொக்கியில் மாட்டும் தெளிந்த பிளாஸ்டிக் படுதா, பிப்ரவரியில் மடித்துப் பரணில் போட்டு விடலாம். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். கொடியில் துணி காய்கிறது. தங்கமணி முகத்தில் வெற்றிப் புன்னகை, அதை மட்டும் எந்தத் தட்டி போட்டும் மறைக்க முடியவில்லை.

யாருக்காவது கண்ணாடி போட்டே ஆக வேண்டும் என்றால் என் வேண்டுகோள் மூணே மூணு. மேற்குப் பக்கம் வேண்டாம். தள்ளுவது வேண்டாம், ஓரத்தில் முழுசாக மடிந்து ஒதுங்கும் வகை போடுங்கள். கண்ணாடிக்கு வெளியே நிழல் இல்லாமல் போடாதீர்கள். இந்த மூணையும் சேர்த்து விலை கேட்டால் பாதிப் பேர் தானே விட்டு விடுவார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் நான் கேட்கப் போவது ஒன்றே ஒன்று தான். ஓட்டெடுப்பை ஜூன் மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். மத்தியானம் நாலு மணிக்கு, ஏற்கெனவே மூடி வைத்திருக்கும் இரண்டாம் மாடி வீட்டு சன் ரூமில் கூட்டம் நடத்துவோம். மின்விசிறி, ஏசி கிடையாது. செக்ரட்டரி சாப் அந்த வழவழ படத்தைக் கையில் பிடித்துக் கொண்டு அரை மணி நேரம் பேசி முடித்தால், முதல் ஆளாக நானே ஆதரித்துக் கை தூக்குகிறேன்.

அம்மாவுக்கு நேற்று போன் பண்ணினேன். பால்கனியை மறுபடி திறந்தாச்சும்மா, இப்போ நல்லா காத்து வருது, கார்த்திகைக்கு வாங்களேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நெசமாவே திறந்துட்டியா, இல்ல என்னைக் கூப்பிடறதுக்காகச் சொல்லுதியா?" என்று கேட்டார்கள்.

போட்டோ எடுத்து அனுப்பி இருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

டிஸ்கி: தீர்மானம் பாஸ் ஆகி விட்டால் என் வீடு மட்டும் அந்த வரிசையில் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும் என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். பரவாயில்லை ஐயா, அந்த ஓட்டை வழியாகத் தான் காத்து வரும்.